கோனாட்டுக் கோயில்களுக்கு ஒரு மிதிவண்டி யாத்திரை

புதுக்கோட்டைச் சீமையில் ஒரு குன்று கண்ணில் பட்டால், அதன் அடிவாரத்திலோ மடியிலோ ஒரு கோயில் இருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்லலாம். ஏமாற்றம் அரிது. பல்லவரும் பாண்டியரும் முத்தரையரும் இருக்குவேளிரும் சோழரும் தொண்டைமான்களும் மாறி மாறித் தொண்டு செய்த மண் இது. ஆயினும், திருச்சியிலிருந்து மதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் விரையும் யாத்திரைப் பேருந்துகள் பெரும்பாலும் இம்மாவட்டத்தைக் கடந்தே போய்விடுகின்றன. இங்குள்ள திருக்கோயில்கள் பெருஞ்சாலையின் ஓரத்தில் நின்று நம்மை அழைப்பவை அல்ல. சாலையை விட்டு விலகி, கண்மாய்க் கரையோரம், வயல்வெளி நடுவே, பாறைச் சரிவில் அமைதியாகக் காத்திருப்பவை.

அத்தகைய கோயில்களுக்குச் செல்ல ஏற்ற வாகனம் எது? காரில் சென்றால் வழியில் உள்ள பத்துத் தலங்களை அறியாமலே தாண்டிவிடுவோம். நடந்து சென்றால் ஒரு நாளில் ஒரு தலத்தை மட்டுமே தரிசிக்க இயலும். நடையின் நிதானமும் வண்டியின் வேகமும் ஒருங்கே அமைந்தது மிதிவண்டி. நாம் இளமையில் ஏறி இறங்கிய அதே சைக்கிள்தான்.

வழி சொல்லும் மரபு

இந்த மண்ணில் யாத்திரை செல்வோருக்கு வழி சொல்வது மிகப் பழைய வழக்கம். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குச் செல்லும் கோவலனுக்கு மாங்காட்டு மறையவர் ஒருவர் வழி கூறுகிறார். கொடும்பை என்னும் ஊரின் பெருங்குளக்கரையை அடைந்தால் அங்கே பாதை மூன்றாகப் பிரியும் என்றும், அது சிவபெருமான் ஏந்திய சூலம்போல் இருக்கும் என்றும் அவர் சொல்வதாக இளங்கோவடிகள் அமைத்துள்ளார். அந்தக் கொடும்பைதான் இன்றைய கொடும்பாளூர். புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கு எல்லையை ஒட்டிய ஊர்.

அந்த மறையவரைப் பின்பற்றி, புதுக்கோட்டை நகரிலிருந்து பிரியும் மூன்று வழிகளை இங்கே காண்போம். அதற்கு முன், இந்தச் சீமைக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவைச் சற்று நினைவுகூர வேண்டும்.

கோயிலுக்குத் தொண்டு செய்த சைக்கிள்

கிராமக் கோயில்களில் பூஜை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நம் வாசகர்கள் நன்கறிவர். ஓர் ஊரில் ஒரு குருக்கள் என்ற நிலை மாறி நெடுங்காலம் ஆயிற்று. ஒரே குருக்கள் மூன்று நான்கு ஊர்க் கோயில்களைப் பார்த்துக்கொள்கிறார். விடியற்காலையில் நீராடி, தளிகையை ஆக்கித் தூக்குவாளியில் எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, கேரியரில் பூக்குடலையை வைத்துக் கட்டி, ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் மிதித்துச் செல்லும் குருக்களை நாம் எத்தனை ஊர்களில் பார்த்திருக்கிறோம்! அந்த மணியொலி கேட்ட பிறகுதான் அவ்வூர் ஈசனுக்கு அன்றைய முதல் விளக்கு. பூக்கட்டுபவரும் பால் கொண்டுவருபவரும் திருவிழாக் காலத்தில் நாதசுரத்தைத் துணியுறையில் இட்டுத் தோளில் மாட்டிவரும் வித்துவானும் சைக்கிளில்தான் வந்தார்கள். வாகனப் பட்டியலில் ரிஷபமும் கருடனும் மயிலும் இடம்பெறும். சைக்கிள் இடம்பெறாது. ஆயினும் கிராமத்துக் கோயில்களின் நித்திய பூஜையைச் சுமந்தது அதுவே.

பெண்கள் ஓட்டிய வண்டி

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இதில் தனிப்பெருமை ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் இங்கு அறிவொளி இயக்கம் நடைபெற்றது. எழுத்தறிவு புகட்டுவதற்காகத் தொடங்கிய அவ்வியக்கம், அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், கிராமப்புறப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுத் தந்தது. வயல் வேலை செய்யும் பெண்களும் கல்குவாரியில் கல் உடைக்கும் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியைகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சிக்கு வந்தார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதிய அளவு கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் குறுக்குக் கம்பி வைத்த வண்டியையே ஓட்டினார்கள். குழந்தையை அமர்த்திக்கொள்ள அந்தக் கம்பி வசதியாக இருக்கிறது என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992 ஆம் ஆண்டு உலக மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் அணிவகுத்தனர். இம்மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார்.

அன்று இருபதும் முப்பதும் வயதாக இருந்த அப்பெண்கள் இன்று பாட்டிமார்கள். தண்ணீர்க் குடத்தையும் விற்பனைக் கூடையையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் மிதித்த பாதைகள்தாம் நாம் இப்போது செல்லப்போகும் யாத்திரைப் பாதைகள்.

தொடங்கும் இடம்: திருக்கோகர்ணம்

எந்த வழியில் செல்வதாயினும் முதலில் திருக்கோகர்ணத்தில் அன்னை பிரகதாம்பாளை வணங்கிப் புறப்படுவதே முறை. புதுக்கோட்டை நகரை ஒட்டியுள்ள இத்தலத்தில், பாறையைக் குடைந்தெடுத்த கருவறையில் கோகர்ணேசுவரர் எழுந்தருளியிருக்கிறார். மகிழமரம் தலவிருட்சம். தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம் பிரகதாம்பாள். தங்களை 'பிரகதாம்பாள் தாசர்' என்றே அவர்கள் அழைத்துக்கொண்டனர். அவர்கள் வெளியிட்ட அம்மன் காசில் ஒருபுறம் அன்னையின் திருவுருவம் பொறிக்கப்பட்டிருந்தது. நவராத்திரியில் மக்களுக்கு அரிசியோடு அந்தக் காசும் வழங்கப்பட்டது. அதனால் 'அரைக்காசு அம்மன்' என்ற பெயரும் அன்னைக்கு நிலைத்தது. காணாமற்போன பொருளைத் தேடுவோர் இன்றும் இவளை வேண்டிக்கொள்கின்றனர்.

முதல் வழி: மேற்கே குடுமியான்மலைக்கு

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் ஏறத்தாழ 16 கி.மீ. சென்றால் சித்தன்னவாசல். நிலம் மேற்கு நோக்கி மெல்ல உயர்கிறது. ஆனால் மூச்சு வாங்கும் ஏற்றம் எங்கும் இல்லை. இருபுறமும் மானாவாரிக் காடு, பனைவரிசை, தைல மரத்தோப்பு, இடையிடையே தாமரை பூத்த கண்மாய். சித்தன்னவாசல் சமண முனிவர்கள் தவம் செய்த குன்று. குடைவரையின் விதானத்தில் தாமரைத் தடாகமும் அதில் மீனும் அன்னமும் யானையும் பூப்பறிப்போரும் இன்றும் வண்ணம் மங்கிக் காட்சி தருகின்றன. மலையின் மறுபுறம் ஏழடிப்பட்டத்தில் முனிவர்கள் உறங்கிய வழுவழுப்பான கற்படுக்கைகள் உள்ளன. சமயம் வேறாயினும் தவம் செய்த இடம் புனிதமே; அங்கு சிறிது நேரம் கண்மூடி அமர்வது நன்று.

அன்னவாசலைக் கடந்து தெற்கே திரும்பினால் குடுமியான்மலை. பழைய பெயர் திருநலக்குன்றம். இறைவன் சிகாகிரீசுவரர், இறைவி அகிலாண்டேசுவரி. பெயர்க்காரணம் பலரும் அறிந்ததே. பூஜைக்குரிய பூவை அர்ச்சகர் தம் அன்புக்குரியவளுக்குச் சூட்டக் கொடுத்துவிட, அந்த நேரம் பார்த்து அரசன் வந்துவிட்டான். அவசரத்தில் அதே பூவை வாங்கிப் பிரசாதமாகக் கொடுத்தார். பூவில் தலைமுடி இருப்பதைக் கண்டு அரசன் வினவ, "சுவாமிக்கே குடுமி உண்டு" என்று சொல்லிவிட்டார். காட்டு என்றான் அரசன். தவறு செய்த அடியவனையும் கைவிடாத பெருமான் உண்மையாகவே குடுமியோடு காட்சியளித்தார்.

இக்கோயில் மண்டபத்துச் சிற்பங்களைக் காண ஒரு நாள் போதாது. மேலைக்கோயில் எனப்படும் குடைவரையின் அருகே பாறையில் கி.பி. 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு பல்லவ கிரந்த எழுத்தில் உள்ளது. இந்திய இசை வரலாற்றில் இதற்கு இணையான சான்று மிகச் சிலவே. மேலே பாறை முகப்பில் அறுபத்துமூவர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கீழிருந்து அண்ணாந்து பார்த்தே வணங்கலாம். மூட்டுவலி உள்ளவர்கள் ஏறவேண்டிய அவசியம் இல்லை.

குடுமியான்மலையிலிருந்து நேர்சாலையில் புதுக்கோட்டைக்குத் திரும்பினால் 20 கி.மீ. ஆக, இந்த வட்டம் முழுவதும் ஏறத்தாழ 50 கி.மீ. காலையில் மேற்கே செல்லும்போது சற்றே ஏற்றம். மாலையில் கிழக்கே திரும்பும்போது சற்றே இறக்கம். களைத்த கால்களுக்கு இது பெரிய உதவி.

இரண்டு நாள் அவகாசம் உள்ளவர்கள் இலுப்பூர் வழியாக மேலும் மேற்கே சென்று கொடும்பாளூரையும் விராலிமலையையும் தரிசிக்கலாம். கொடும்பாளூர் மூவர் கோயிலை இருக்குவேள் மன்னர் பூதி விக்கிரமகேசரி, தம் பெயராலும் கற்றளி, வரகுணை என்னும் தம் தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்தார். மூன்றில் இரண்டு விமானங்கள் நிற்கின்றன. மூன்றாவதில் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. அறுபத்துமூவரில் ஒருவரான இடங்கழி நாயனார் ஆண்ட ஊரும் இதுவே. அடியார்களுக்கு அமுது படைக்கப் பொருளின்றி, அரண்மனை நெற்களஞ்சியத்தில் திருடி அகப்பட்ட ஒருவரை அவர்முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காரணம் கேட்ட மன்னர் தண்டிக்கவில்லை. "இவரன்றோ எனக்குப் பண்டாரம்!" என்று நெகிழ்ந்து, களஞ்சியத்தையும் கருவூலத்தையும் அடியார்கள் எடுத்துக்கொள்ளுமாறு திறந்துவிட்டார். அந்தக் களஞ்சியம் இன்று இல்லை. அந்த மனத்தை நினைக்க இடம் இருக்கிறது.

விராலிமலையில் மயில்கள் உலவும் குன்றின்மேல் ஆறுமுகப் பெருமான் வள்ளி தெய்வானையோடு அருள்பாலிக்கிறார். அருணகிரிநாதர் பாடிப் பரவிய தலம். முருகனுக்குச் சுருட்டு நிவேதனம் செய்யும் வழக்கம் இங்கு மட்டுமே கேள்விப்படுவது. இவ்விரு தலங்களும் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையை ஒட்டியுள்ளன. அந்தச் சாலையில் மட்டும் சைக்கிளில் செல்ல வேண்டாம், ஊர்ச்சாலைகளையே நாடுக.

இரண்டாம் வழி: வடக்கே நார்த்தாமலைக்கு

திருச்சி செல்லும் திசையில் சுமார் 17 கி.மீ. தொலைவில் நார்த்தாமலை. நகரத்தார்மலை என்பதே நார்த்தாமலை என மருவியது என்பர்; வணிகப் பெருமக்கள் செழித்திருந்த ஊர். தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கல் சென்றது இப்பகுதிக் குன்றுகளிலிருந்தே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஊரில் முத்துமாரியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். பங்குனித் திருவிழாவில் பூச்சொரிதலும் காவடியும் தேரோட்டமுமாக இச்சிற்றூர் கொள்ளாத கூட்டம் சேரும்.

ஆனால் அம்மன் சன்னதியில் கற்பூரம் ஏற்றி வணங்கியவர்களில் மிகச் சிலரே மேலமலைக்கு ஏறிச் செல்கின்றனர். அங்கே விஜயாலய சோழீசுவரம் நிற்கிறது. முத்தரையர் தலைவர் சாத்தன் பூதி எடுப்பித்த கற்றளி. மழையில் இடிந்தபோது மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. மேற்கு நோக்கிய சன்னதி. வெளியே சதுரம், உள்ளே வட்டமான கருவறை. சுற்றிலும் சிறு சிறு பரிவாரச் சன்னதிகள். எதிரே இரண்டு குடைவரைகள். ஒன்றில் ஒரே அளவில் பன்னிரு திருமால் திருவுருவங்கள் வரிசையாக நிற்கின்றன. மாலைக் கதிர் நேரே கருவறை வாயிலில் விழும்போது, வெறும் பாறையும் வானமும் கோயிலும் தவிர வேறெதுவும் இல்லை. தொல்லியல் துறை நன்கு பேணி வருகிறது. ஆனால் ஊர்க்கோயில்போல மணியோசையும் மக்கள் நடமாட்டமும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் இங்கே எத்தனை விளக்கு எரிந்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

மூன்றாம் வழி: வெள்ளாற்றைக் கடந்து

தென்வெள்ளாறு இச்சீமையை இரண்டாகப் பிரிக்கிறது. ஆற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு. மூன்றாவது வழி கோனாட்டிலிருந்து கானாட்டுக்கு நம்மை அழைத்துச் செல்வது. இதற்கு இரண்டு நாள் வேண்டும்.

ஆலங்குடிச் சாலையில் சில கி.மீ. சென்றதும் திருவரங்குளம். அரதீர்த்தேசுவரர் ஆலயம் உள்ள இவ்வூர்க் காட்டில்தான் சதாசிவப் பிரம்மேந்திரர், மன்னர் விஜயரகுநாதராயத் தொண்டைமானுக்கு மணலில் எழுதி உபதேசித்தார் என்பது வரலாறு. மௌன விரதம் பூண்டவர் ஆதலால் வாய் திறவாமல் விரலால் எழுதினார். அந்த மணலையே மன்னர் அள்ளிச் சென்று அரண்மனையில் வைத்துப் பூஜித்தார். செம்மண் பாதையில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றும்போது, அந்த மணலின் மகிமை மனத்தில் தோன்றும்.

ஆலங்குடி, அறந்தாங்கி என்று தொடரும் சாலையில் பலாவும் முந்திரியும் பூந்தோட்டமும் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஊருக்கு ஊர் எல்லையில் அய்யனார். அவர் முன்னே நேர்த்திக்கடனாக நிறுத்திய மண்குதிரைகளின் வரிசை. கோயிலைச் சுற்றி வெட்டாத காடு. சைக்கிளில் செல்பவர் இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் செல்வது இவ்வழியின் மரபாக இருக்கட்டும்.

அறந்தாங்கியிலிருந்து ஏறத்தாழ 14 கி.மீ. தொலைவில் ஆவுடையார்கோயில் எனும் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு வந்த அமைச்சர் வாதவூரர், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, மாணிக்கவாசகராக ஆன இடம். குதிரைக்கு வந்த பொன் கோயிலாயிற்று. கருவறையில் ஆவுடையார் மட்டுமே உண்டு. இலிங்கத் திருமேனி இல்லை. ஆன்மநாதர் அருவமாக விளங்குகிறார். நந்தியும் கொடிமரமும் இல்லை. அன்னை யோகாம்பாளுக்குத் திருவடிகளே வழிபாட்டுக்குரியவை. புழுங்கலரிசிச் சோற்றை வடித்துப் படைத்து, அதன் ஆவியே நிவேதனமாகிறது. கொடுங்கையைக் கல்லில் துணிபோல் மெல்லியதாக இழைத்த சிற்பியரின் கைத்திறத்தை விழிப்பார்வை சலிக்கும்வரை காணலாம். ஒப்பந்தம் எழுதும் சிற்பிகள் 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதிக்கொள்வார்கள் என்ற வழக்கே இதற்குச் சான்று.

திரும்பும்போது அரிமளம் வழியாகத் திருமயம் செல்லலாம். அரிமளத்தில் சுந்தர சுவாமிகளின் அதிஷ்டானம் உள்ளது. திருமயத்தில் ஒரே குன்றின் சரிவில் சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் அருகருகே குடிகொண்டிருக்கின்றனர். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்யதேசம். பாறையில் வடித்த பள்ளிகொண்ட பெருமாளின் பெருந்திருவுருவைத் தரிசித்து, மேலே சேதுபதி மன்னர் 1687 இல் கட்டிய கோட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டு, 20 கி.மீ. தொலைவிலுள்ள புதுக்கோட்டைக்குத் திரும்பிவிடலாம்.

கடல் கடந்த ஒரு வழக்கம்

இங்கிலாந்து நாட்டின் கிராமங்களிலும் இதே நிலைமை உண்டு. பல நூற்றாண்டுப் பழமையுள்ள கல் தேவாலயங்கள், வருவோர் குறைவு, கூரை பழுதுபார்க்கப் பணம் இல்லை. அங்குள்ள பல மாவட்டங்களில், ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமையில், மக்கள் சைக்கிளிலோ நடந்தோ தேவாலயம் தேவாலயமாகச் செல்கின்றனர். இளைஞர் ஒருவர் பத்துத் தேவாலயங்களுக்குச் சென்றுவந்தால், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று உற்றாரும் நண்பரும் முன்பே வாக்களித்த தொகையைக் கொடுக்கிறார்கள். அன்று தேவாலயங்கள் திறந்திருக்கும். ஊர்க்காரர்கள் குடிநீரும் சிற்றுண்டியும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சேரும் தொகை பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கச் செல்கிறது.

நல்லதை எங்கிருந்தும் கற்கலாம். புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச் 3 ஆம் நாள் இந்திய யூனியனுடன் இணையும்வரை இங்குள்ள கோயில்களுக்கு மன்னரின் ஆதரவு இருந்தது. இன்று அறநிலையத் துறையும் தேவஸ்தானமும் தொல்லியல் துறையும் தத்தம் பங்கைச் செய்கின்றன. வருவாய் குன்றிய கோயில்களுக்கு ஒருகால பூஜைத் திட்டமும் உண்டு. ஆயினும் ஒரு கோயில் உயிரோடிருப்பது திட்டத்தால் மட்டும் நடப்பதன்று. வாயிலில் ஒருவர் வந்து நிற்க வேண்டும். "சுவாமி தரிசனம் ஆகுமா?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்காகத்தான் முதிய குருக்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவருடைய பிள்ளைகள் வேலை தேடி நகரத்துக்குச் சென்றுவிட்டார்கள். யாரும் வராத கோயிலுக்கு அவருக்குப்பின் யார் வருவார்?

தாத்தா பாட்டிகளுக்கு ஒரு விண்ணப்பம்

ஆகவே வாசக அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம்மில் பலருக்கு இப்போது 50 கி.மீ. சைக்கிள் மிதிக்கும் வயது இல்லை. பேரன் பேத்திகளுக்கு இருக்கிறது. அவர்கள் வீட்டு மாடிப்படியின் கீழ் சைக்கிள் தூசி படிந்து நிற்கிறது. விடுமுறை நாள்கள் கைப்பேசியில் கரைகின்றன. "இந்த வழியில் ஐந்து கோயில், ஒவ்வொன்றிலும் எண்ணெய் கொடுத்து ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வா. நீ ஏற்றும் ஒவ்வொரு விளக்குக்கும் அந்தக் கோயில் திருப்பணிக்கு நான் இவ்வளவு தருகிறேன்" என்று தாத்தாவோ பாட்டியோ சொல்லட்டும். தொகை பெரிதாக இருக்கவேண்டியதில்லை. பிள்ளைகள் முன்னே சைக்கிளில் செல்ல, பெரியவர்கள் பின்னே வேனில் வந்து ஒவ்வொரு கோயிலிலும் சேர்ந்துகொள்ளலாம். மதிய உணவுக்குக் கட்டுச்சோறு. கோயில் மண்டபத்தில் இளைப்பாறல். பிள்ளைகளுக்கு அந்தந்தத் தலபுராணத்தைச் சொல்லுவது பெரியவர்களின் கடமை. அப்பர் பெருமான் உழவாரப் படையைத் தோளில் சுமந்து தலந்தோறும் நடந்தார். இக்காலப் பிள்ளைகள் கேரியரில் ஒரு எண்ணெய்ப் புட்டியைச் சுமந்து செல்லட்டும். அதுவும் உழவாரப்பணியின் ஒரு கூறே.

யாத்திரை செல்வோர் கவனத்துக்கு

காலம்: மார்கழி முதல் மாசி வரை மிக உகந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரை, வைகாசியில் வெயில் கடுமை. ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசுவதால் அப்போது மேற்கு வழி மிகவும் சிரமம் தரும்.

நேரம்: விடியற்காலை 5:30 மணிக்குப் புறப்பட்டால் முதல் தலத்தைக் காலைப் பூஜை வேளையில் அடையலாம். பெரிய கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலையில் திறக்கப்படும். சிற்றூர்க் கோயில்களில் காலை ஒருவேளை மட்டுமே குருக்கள் வருவார் என்பதால் முதல் நாளே ஊரில் விசாரித்துக்கொள்வது நலம்.

வண்டி: சாதாரண சைக்கிளே போதும். டயரில் காற்று, பிரேக், மணி, பின்புற விளக்கு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்க. கருவேல முள் நிறைந்த பூமியாதலால் பங்சர் ஒட்டும் பொருள்களும் கையடக்கப் பம்பும் அவசியம். குடிநீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். தலைக்கவசமோ, குறைந்தது தலைப்பாகையோ இன்றிச் செல்ல வேண்டாம். சிறுவர்களைத் தனியே அனுப்பாமல் அனுபவம் உள்ள ஒரு பெரியவரோடு அனுப்புக. இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும்.

கொண்டு செல்லவேண்டியவை: நல்லெண்ணெய், திரி, உதிரிப்பூ, கற்பூரம். பூஜை நடைபெறும் கோயில்களில் குருக்களிடம் கேட்டே விளக்கேற்றுக. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நார்த்தாமலை, கொடும்பாளூர், சித்தன்னவாசல் போன்ற இடங்களில் விளக்கோ கற்பூரமோ ஏற்றக்கூடாது. சிற்பங்களில் எண்ணெய், விபூதி, குங்குமம் பூசுவதும் ஓவியத்தைத் தொடுவதும் பெரும் தவறு. ஆயிரம் ஆண்டு நின்றதை ஒரு நொடியில் கெடுத்தவர் ஆவோம். அங்கே கைகூப்பி நிற்பதே பூஜை.

ஒரு ஊரின் பழைய கோயிலில் அன்று காலை வெளியூர்ப் பிள்ளைகள் நால்வர் சைக்கிளில் வந்து இறங்கி விளக்கேற்றினார்கள் என்றால், அச்செய்தி அவ்வூரில் ஒரு வாரம் பேசப்படும். மறுநாள் அவ்வூர்ப் பிள்ளை ஒருவனும் எட்டிப் பார்ப்பான். குருக்களும் திரியைச் சற்றே தூண்டி வைப்பார். அன்னை பிரகதாம்பாள் அந்த ஒளியைப் பெருக்கித் தருவாளாக.